நல்லதங்காள் பிறந்த ஊரும் பிறந்த வீட்டுக் கடுதாசிகளும்

வத்திராயிருப்பு என்றதும் பலருக்கும் சதுரகிரிதான் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சாலையில் வந்து, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால், மலையைப் பார்த்தபடியே ஊர் வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமிக்கு வருகிறவர்கள் நேராகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போய்விடுவார்கள். பக்கத்திலிருக்கும் அர்ச்சுனாபுரத்தையும் ஒரு எட்டு பார்க்கலாம்.

நல்லதங்காள் பிறந்த ஊர் என்று கதை சொல்வது இந்த அர்ச்சுனாபுரத்தைத்தான். அவளுக்கு இங்கே கோயிலும் உண்டு. மானாமதுரை காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அங்கே மழை பொய்த்துப் பஞ்சம் வர, ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு நடந்தே வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருந்த நேரம். பசித்து வந்த பிள்ளைகளுக்கு அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்திவிட்டாள். கிணற்றில் முடிந்த அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அழுத பாட்டிகள் தென்மாவட்டங்களில் ஏராளம். 1935-லும் 1955-லும் சினிமாவாகவும் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பெண்கள், வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு பிறந்த வீட்டுக்கு என்ன எழுதியிருப்பார்கள்?

பழைய கடுதாசிகளில் முகவரியே ஒரு சரித்திரம். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, ராமநாதபுரம் ஜில்லா. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல்தான். பின்கோடு வந்ததே 1972-ல்.

போஸ்ட் கார்டை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் அதில் ‘குழந்தைகள் சௌக்கியம்’ என்பதோடு சரி. 1950-ல் மடித்து ஒட்டும் இன்லேண்ட் லெட்டர் வந்த பிறகுதான் வீட்டு விஷயம் தாராளமாக இறங்கியது. சின்னவனுக்குப் பல் முளைத்தது, பெரியவள் சிலேட்டை உடைத்தது, ராத்திரி முழுக்க இருமல், காதுகுத்துக்குத் தாய்மாமன் எப்போது வருவார் என்ற விசாரிப்பு. ‘பெரியவனுக்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது’ என்று ஒரு வரி இருந்தால், அம்மாவுக்குப் புரிந்துவிடும். அப்பாவின் காதில் போட்டு, மணியார்டர் அனுப்ப வைப்பார். பணம் வேண்டும் என்று மகள் ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டாள். புகுந்த வீட்டிலும் யாராவது படிப்பார்களே! ஒட்டும் ஓரத்தில் மிச்சமிருக்கும் இடம் மட்டும் பிள்ளைகளுக்கு. ‘தாத்தா, ஊருக்கு வாங்க’ என்று கோணல் எழுத்தில்.

படித்து முடித்த கடுதாசியைக் கிழிக்க மனசு வராது. கொக்கிக் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். ஓட்டு வீடுகள் மச்சு வீடுகளானபோது பல வீடுகளில் அந்தக் கம்பி பரணுக்குப் போனது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று பாட்டியிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.