முருங்கை மரமாகும் புத்தகம்

வேதாளத்துக்கு முதலில் பின்ன வேண்டியது கால்கள். குரோஷா பொம்மைகளைத் தலையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் இந்த வேதாளம் புத்தகத்தின் மேல் விளிம்பில் தலைகீழாகத் தொங்கப் போகிறது. அதன் பிடிப்பெல்லாம் காலில்தான். கால் சரியாக அமைந்துவிட்டால் உடம்பும் தலையும் தாமாக வந்து சேரும்.

இதை நான் பின்னியது எங்கள் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் ஒன்பது வயதுப் பையனுக்காக. ஷார்ஜாவில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். தமிழில் சண்டை போடுவான், தமிழில் கெஞ்சுவான், கிரிக்கெட் வர்ணனைகூடத் தமிழில் செய்வான். தமிழ் வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். அவன் கண்கள் படும் பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் ஆங்கிலம் இடமிருந்து வலம் ஓடுகிறது. அரபி வலமிருந்து இடம். இங்கே தனியார் பள்ளிகளிலும் அது கட்டாயப் பாடம். இந்தி மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இத்தனையும் முடித்து வீட்டுக்கு வந்தால் தமிழ். ‘கொக்கு’ என்ற சின்னச் சொல்லிலேயே ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. கண் முன்னே போய்த் திரும்பி வந்த பிறகுதான் வாய் திறக்க முடியும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வாசிக்கிறான் என்றால் அது சின்ன வேலையில்லை.

அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொள்ள அவனுக்கு இடமில்லாமல் போனதுதான் சிக்கல். புத்தகத்தை மூடுவான். மறுநாள் எங்கே விட்டோம் என்று தெரியாமல் முதல் வரியிலிருந்து தொடங்குவான். மதுரையிலிருந்து தாத்தா வாங்கிக் கொடுத்த விக்கிரமாதித்தன் கதைப் புத்தகத்தில் முதல் இரண்டு பக்கங்கள் மட்டும் விரல்பட்டுக் கறுத்திருந்தன. மற்றவை அச்சகத்திலிருந்து வந்த வெள்ளையிலேயே இருந்தன. அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்தது. பிள்ளைக்குக் கதையில் ஆர்வமில்லை என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கறுத்த பக்கங்கள் வேறு சொல்லின.

வேகமாக வாசிப்பவர்களுக்குப் பக்க அடையாளம் அவ்வளவாகத் தேவையில்லை. இரண்டு பக்கம் முன்னேயோ பின்னேயோ புரட்டினால் விட்ட இடம் கிடைத்துவிடும். மெதுவாக வாசிக்கிற குழந்தைக்குத்தான் அது வேண்டும். இன்று நீ வந்து சேர்ந்த இடம் இது, நாளைக்கு இங்கேயே இருக்கும் என்று யாராவது அதற்கு உறுதி தர வேண்டும். அட்டைத்துண்டும் இதைச் செய்யும்தான். ஆனால் அட்டைத்துண்டுக்காக எந்தக் குழந்தையும் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை. முகமும் கை காலும் உள்ள ஒன்று அங்கே காத்திருந்தால் போகும்.

வேதாளத்தைத் தேர்ந்தெடுக்க நான் அதிகம் யோசிக்கவில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவைக் கையில் வைத்து வளர்ந்தவர்களுக்கு, வாளை ஏந்தி, தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமனின் படம் கண்ணை மூடினாலும் தெரியும். வரைந்தவர் ஓவியர் சங்கர், 2020இல் மறைந்தார். அந்தக் கதைகளின் அமைப்பு எவ்வளவு அருமையானது என்பது ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வேதாளம் ஒரு கதை சொல்லும், கேள்வி கேட்கும், அரசன் வாய் திறந்ததும் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். கதை அங்கே நிற்கும். விக்கிரமன் சலிக்காமல் திரும்பிப் போய் அதை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். நிறுத்தி நிறுத்தித் தொடர்வதுதான் இந்தக் கதையின் உயிர். அரைப் பக்கம் அரைப் பக்கமாக வாசிக்கும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னல் பக்க அடையாளங்களில் தலை மேலே எட்டிப் பார்க்க, கால்கள் கீழே தொங்குகிற பூனைகளும் தவளைகளும் நிறைய உண்டு. பார்க்க அழகு. ஆனால் புத்தகத்தை அலமாரியில் நிறுத்தினால் கால்கள் அடியில் மாட்டி நசுங்கும். உடம்பில் பஞ்சு வைத்துவிட்டால் நடுப்பக்கம் பிளந்து நாளடைவில் முதுகுத் தையல் விட்டுப்போகும். பக்கங்களுக்கு நடுவே போகிற பகுதி தட்டையாக, ஒரே ஒரு அடுக்குப் பின்னலாக இருக்க வேண்டும். அதனால் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். உள்ளே போவது பச்சைப் பட்டை, விரற்கடை அகலம், அதன் நுனியில் முருங்கை இலைபோலச் சின்னச் சின்ன வட்டங்கள். பட்டை புத்தகத்தின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே வளைந்ததும் வேதாளத்தின் கால்கள் அதைப் பற்றிக்கொள்ளும். உடம்பு புத்தகத்தின் முதுகை ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். அதற்குப் பஞ்சு வைக்கலாம், பக்கங்களுக்குப் பாதகமில்லை. ஆனால் பஞ்சு கூடினால் கனம் கூடும், கனம் கூடினால் பட்டையை உருவிக்கொண்டு விழும். தலைக்கு மட்டும் கொஞ்சம் பஞ்சு, உடம்பு வெறும் பின்னல். டெமி அளவுப் புத்தகத்தின் உயரம் ஏறக்குறைய 21.5 செ.மீ. உள்ளே 18 செ.மீ. பட்டை இருந்தால் பக்கங்கள் அதை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன.

நூல் பருத்தியாக இருப்பதே நல்லது. உல்லன் நூல் தடித்துப்போய்ப் புத்தகத்தை வாய் பிளக்க வைக்கும். பர் துபாய் மீனா பஜார் பக்கத்திலும் சத்வாவிலும் உள்ள தையல் சாமான் கடைகளில் துருக்கி நூல் கண்டு கண்டாக அடுக்கியிருக்கும், நிறங்களும் ஏராளம். ஆனாலும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஆங்கர் நூல் உருண்டை சொல்லியனுப்புகிற பழக்கம் எனக்கு விடவில்லை. 2 மி.மீ. ஊசியில் அது இறுக்கமாக உட்காரும். அழுத்தமான நிறங்களை முதலில் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும்; ஈரக்கை பட்டால் சாயம் தாளில் இறங்கிவிடும். கண்ணுக்குப் பாசிமணி வைக்கவில்லை. அந்த வீட்டில் தவழ்கிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். கறுப்பு நூலிலேயே கண்ணைத் தைத்தேன், பல்லுக்கு வெள்ளை நூல். தலைமுடிக்கு வெள்ளை நூலைப் பின்னாமல் பிரித்துத் தொங்கவிட்டேன்.

நான் பின்னும்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தான். குரோஷாவில் கணக்குத் தவறினால் உருவம் கோணிவிடும். தலைக்கு 6 கண்ணியில் தொடங்கி, அடுத்த சுற்று 12, அதற்கடுத்து 18, பிறகு 24. தமிழில்தான் எண்ண வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இருபது வரைக்கும் ஓடினான். இருபத்தொன்று வந்ததும் நின்று என் முகத்தைப் பார்த்தான். “சொல்லுடா கண்ணு, இருபத்தி...” என்றேன். “டுவென்ட்டி ஒன் தானே ஆன்ட்டி?” என்றான். தலை முடிவதற்குள் இருபத்து நான்கு வரை தடையில்லாமல் வந்துவிட்டது.

இந்த ஊரில் கைப்பின்னலுக்கு மரியாதை உண்டு. ஷார்ஜாவின் பாரம்பரிய விழா நாட்களில் எமிராத்தி மூதாட்டிகள் கஜூஜா என்கிற திண்டை முன்னால் வைத்துக்கொண்டு பருத்தி இழைகளையும் வெள்ளிச் சரிகையையும் மாற்றி மாற்றித் தல்லிப் பட்டை பின்னுவார்கள். 2022இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் திண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாகர்கோவில்தான் நினைவுக்கு வரும். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலும் திண்டின் மேல்தான். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைத்திறனையும் கூடவே கொண்டுபோனார். குரோஷாவுக்குத் திண்டும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். ஒரு கொக்கி ஊசியும் நூலும் போதும். ஜூலை, ஆகஸ்டில் வெளியே 45 டிகிரிக்கு மேல் எரிகிறபோது, ஊருக்குப் போகாமல் நான்கு சுவருக்குள் இருக்கிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. அந்தச் சதுரங்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் உட்கார்ந்து பின்னிய பெண்கள்தான்.

வேதாளத்தைப் பார்த்தவர்கள் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டார்கள். குரோஷாவை முழுமையாகப் பின்னும் இயந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் பத்து திர்ஹாமுக்கு ஒரு பின்னல் பொம்மை தொங்குகிறதென்றால், எங்கோ ஒரு பெண் அதன் ஒவ்வொரு கண்ணியையும் கையால் இழுத்திருக்கிறாள், அவளுக்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். அந்த விலையோடு போட்டி போட எனக்கு விருப்பமில்லை. வாசிக்கிற குழந்தை இருந்தால் சும்மா தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பையன் அதை எப்படிப் பயன்படுத்துவான் என்று நான் நினைத்தது ஒன்று, அவன் கண்டுபிடித்தது வேறு. புத்தகத்தைத் திறந்ததும் வேதாளத்தை இறக்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறான். தோளில் அது கிடக்க, பச்சைப் பட்டையின் நுனியை வாசிக்கும் வரிக்குக் கீழே பிடித்துக்கொள்கிறான். அடுத்த வரிக்கு அடுத்த வரிக்கு என்று பட்டை இறங்குகிறது. களைத்தால், “வேதாளம் மரம் ஏறியாச்சு!” என்று சொல்லிப் புத்தகத்தை மூடுகிறான். முன்பெல்லாம் நிறுத்தும்போது அவன் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி தெரியும், இப்போது அது இல்லை. ஷார்ஜாவில் 2022இலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை வேதாளத்துக்கு என்று ஆகிவிட்டது.

மார்ச் மாதம் இந்த நாட்டில் வாசிப்பு மாதம். பள்ளிகளில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரமாக வேடமிட்டுப் போவார்கள். அட்டை வாளும் தோளில் என் சாம்பல் நிற வேதாளமுமாக இவன் போனான். வகுப்பில் யாருக்கும் தெரியாத கதையை இவனே எழுந்து ஆங்கிலத்தில் சொன்னானாம். கதையின் முடிவு மட்டும் அவனுக்கே தெரியவில்லை. புத்தகத்தில் இன்னும் அதுவரை வரவில்லை.

ஷார்ஜா 2019இல் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்த நகரம். துபாயில் 2022இல் திறந்த முகம்மது பின் ராஷித் நூலகம், குர்ஆனை விரித்து வைக்கும் மரத்தாங்கியின் வடிவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. வாசிப்புக்கென்றே 2016இல் சட்டம் இயற்றிய நாடு இது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு அடுத்த புத்தகம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, அவனும் பார்க்கிறான். ஆனால் திரையில் வேதாளம் தொங்க விளிம்பில்லை. நவம்பரில் எக்ஸ்போ சென்டரில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் மலையாளப் புத்தகங்களின் பெருங்கூட்டத்துக்கு நடுவே தமிழைத் தேடிப் பிடிக்க வேண்டும். மற்றபடி எல்லாம் ஊரிலிருந்து வருகிற பெட்டிதான். 30 கிலோவில் அரிசி மாவுக்கும் ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் இடம் போக, குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்கு 200 கிராம் ஒதுக்கும்படி வருகிற எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய எழுத்தாக, படம் போட்டதாக, எளிய வாக்கியமாக இருக்கட்டும். வாண்டுமாமா எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது. இவன் இப்போது எண்பதாம் பக்கத்தில் இருக்கிறான், பாதி தாண்டிவிட்டது. அடுத்த மாதம் என் தம்பி திருச்சியிலிருந்து வருகிறான். அவனிடம் இரண்டு சொல்லியிருக்கிறேன்.