கோலாப்பூர்த் தாலிமில் ஒரு வைகறை

கோலாப்பூருக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் அம்பாபாய் என்று அவ்வூரார் அழைக்கும் மகாலட்சுமியைத் தொழுது, ரங்காளா ஏரிக்கரையில் மாலைக் காற்று வாங்கி, பெயர்பெற்ற தோற்செருப்பில் ஒரு சோடியும் வெல்லம் ஒரு கட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். நாங்களும் அவ்வாறே திரும்பியிருக்கக் கூடியவர்கள்தாம். எங்களுடன் வந்த மகனின் வாட்டம் வேறொரு வாயிலைக் காட்டிற்று.

மும்பையில் 4 ஆண்டுகளாக நீச்சல் பழகிவந்த அவன், சென்ற கோடையில் நடந்த அணித் தேர்வில் ஒரு வினாடிக்கும் குறைவான வேறுபாட்டால் இடம் இழந்தான். அன்று ஆணியில் மாட்டிய துண்டை அவன் மீண்டும் எடுக்கவில்லை. அறிவுரைகள் பல கூறினோம். ஒன்றும் செவியில் ஏறவில்லை. நாள்தோறும் அவன் நனைந்த தலையோடு வீடு திரும்புகையில் நாங்கள் கேட்டுவந்த கேள்வியும் ஒன்றே: "இன்று எத்தனை வினாடி?"

கோலாப்பூரில் நெடுநாள் வாழும் தமிழ் அன்பர் ஒருவர் இதைக் கேட்டு, "விடியுமுன் எழுந்து வாருங்கள், ஓரிடம் காட்டுகிறேன்" என்றார். அவர் அழைத்துச் சென்றது ஒரு தாலிமுக்கு. தாலிம் என்றால் பயிற்சி என்பதே பொருள். அச்சொல்லே பயிலும் இடத்துக்கும் பெயராயிற்று. கங்காவேஸ், மோதிபாக் முதலிய பேர்போன தாலிம்கள் அந்நகரில் உண்டு. நாங்கள் கண்டது குறுகிய சந்து ஒன்றிலிருந்த எளிய தாலிம். குஸ்தி, பயில்வான், தண்டால், பஸ்கி, வஸ்தாது என்று நாம் தமிழில் வழங்கும் சொற்களெல்லாம் அங்கே சொந்த வீட்டில் உலவுவதுபோல் உலவக் கண்டோம்.

உள்ளே மாடத்தில் அனுமார். எதிரே செம்மண் குழி. அம்மண்ணைச் சலித்து, எண்ணெய், மோர், மஞ்சள், எலுமிச்சைச் சாறு கலந்து பதப்படுத்துகின்றனர். அதன் மணம் வாசலிலேயே எங்களை எதிர்கொண்டது. குழியருகே பெண்கள் செல்லும் வழக்கம் அங்கில்லையாம். ஆகவே எங்களுள் பெண்டிர் வாசற்படியில் நின்றே காண நேர்ந்தது. மகாராட்டிரப் பெண்கள் பலர் மல்யுத்தத்தில் ஈடுபட்டிருக்கும் இந்நாளில் இவ்வழக்கம் எங்களுக்கு உவப்பாயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இளைஞர் இருவர் மண்வெட்டியால் குழியைக் கொத்திக்கொண்டிருந்தனர். வேலையாட்கள் என்று எண்ணினோம். அவர்களே பயில்வான்கள்! முதுகும் தோளும் உரம்பெறுவதற்கு அக்கொத்துதலே முதற்பயிற்சி. கொத்திய மண்ணின்மேல் பலகையொன்றைப் போட்டு, அதன்மீது ஒருவனை உட்காரவைத்து, மற்றொருவன் இழுத்துச் சமன் செய்தான். இதில் ஏதும் குற்றேவலாகக் கருதப்படவில்லை. மண் பஞ்சுபோல் ஆனதும் ஒருவன் அதைக் கையால் அளைந்து பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

பின்னர் பிடி தொடங்கிற்று. பயிற்சிக் குஸ்திக்கு அங்கே 'ஜோர்' என்று பெயர். வலியவன் மெலியவனோடு இறங்குகிறான்; முழு வலிமையையும் காட்டாமல், எதிராளி சற்றே திணறும் அளவுக்கு மட்டும் அழுத்துகிறான். எங்கள் மகன் வயதொத்த சிறுவன் ஒருவன் கால்மணி நேரத்தில் 7 முறை மல்லாந்து விழுந்தான். விழுந்தபோதெல்லாம் எழுந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி எதிராளியின் தோளில் வீசிவிட்டு மறுபடி கைகோத்தான். எட்டாம் முறை விழவில்லை. அதையும் ஒருவரும் பாராட்டவில்லை. விழுந்ததைக் கணக்கெடுத்தவர்கள் நாங்கள் மட்டுமே.

மூலையில், நரைத்த மீசையுடைய முதியவர் ஒருவர் ஆரவாரமின்றிப் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் போட்டியில் இறங்கி 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்றாம்.

இவர்களுள் எத்தனை பேர் பட்டம் வெல்வார்கள் என்று வஸ்தாதிடம் நண்பர் வாயிலாக வினவினோம். நாற்பது பேரில் ஒருவன் பெயரெடுத்தால் பெரிது. மற்றவர்கள் உழுவார்கள், பால் கறப்பார்கள், போலீஸில் சேர்வார்கள் என்றார். அப்படியானால் எதற்காக வருகிறார்கள் என்றோம். அவர் எங்களைச் சற்று வியப்போடு நோக்கி, "விடியற்காலையில் மண் குளிர்ந்து கிடக்கும், இறங்கினால் நன்றாயிருக்கும்" என்றார். வேறு விடை அவரிடம் இல்லை.

பகலில் காஸ்பாக் மைதானத்தைக் கண்டோம். சாகு மகாராஜா 1902ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்றபோது ரோமாபுரியின் வட்டரங்கைக் கண்டு வியந்து, அதன் நினைவில் எழுப்பியது, 1912இல் நிறைவுற்றது. எப்படியிலிருந்து நோக்கினும் நடுவிலுள்ள மண்குழி மறையாதபடி அமைந்திருக்கிறது. அப்பெரும் வட்டத்தில் நின்றபோது, காலையில் கண்ட சிறு குழியே எங்கள் கண்ணில் நின்றது.

இந்நகரின் ராஜாராம் கல்லூரியில் பயின்ற காஷாபா ஜாதவ், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடமே பெற்றார். மண்ணில் பழகியவருக்கு அங்கே மெத்தை விரிப்பு. திரும்பிவந்து மறுபடி பயிற்சியில் இறங்கினார். 1952இல் ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. பதக்கத்தை யாவரும் அறிவர். இடையிலிருந்த 4 ஆண்டுகளின் வைகறைகளை யார் எண்ணுகிறார்கள்?

ஒன்று சொல்ல மறந்தோம். தாலிமை விட்டுப் புறப்படுமுன், வாயிலில் நின்ற எங்கள் மகனை வஸ்தாத் கைகாட்டி அழைத்து மண்வெட்டியை நீட்டினார். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். பத்து நிமிடங் கொத்தியிருப்பான், உள்ளங்கையில் கொப்புளம். வழிநெடுக அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மும்பை திரும்பிய மறுவாரம் ஒருநாள் ஆணி வெறுமையாயிருந்தது. மாலையில் தலை நனைந்து வந்தவனைக் கண்டதும் பழைய கேள்வி நாவின் நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"முதலில் குளிர்ந்தது, பிறகு நன்றாயிருந்தது" என்றான்.