ஒரு தட்டானுக்காகப் பாலமா?

தட்டான் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டதுதானே? எனக்கும் அதுதான். செமினாருக்காகப் பாலங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் வேறொரு தட்டான் அறிமுகமாச்சு.

அமெரிக்காவில் சிகாகோவுக்குத் தென்மேற்கே டெஸ் ப்ளெய்ன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டிப் போகும் ஐ-355 நெடுஞ்சாலைப் பாலம் 2007-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர். அதை உயரமாகக் கட்டியதற்கு ஒரு காரணம், கீழே சதுப்பில் பறக்கும் ஹைன்ஸ் எமரால்ட் என்ற தட்டான், வண்டிகளில் அடிபடக் கூடாது என்பது.

"ஒரு பூச்சிக்காகவா மச்சி இவ்வளவு?" என்று என் நண்பன் கேட்டான். நீங்களும் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க.

மரகதப் பச்சைக் கண்கள் கொண்ட இந்தத் தட்டான், ஓஹையோ மாநிலத்தில் கிடைத்ததை வைத்து 1931-இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இன்று ஓஹையோவிலேயே அது இல்லை. 1995-இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்தது.

சிறகோடு பறக்கிற வாழ்க்கை சில வாரம்தான். அதற்கு முன்னால் 4, 5 வருஷம் லார்வாவாகத் தண்ணீரில் கிடக்கும். நாம பி.இ. முடிக்கிற காலம்! அதுவும் எந்தத் தண்ணீரிலும் இல்லை. சுண்ணாம்புச் சத்துள்ள பாறை வழியாகக் கசிந்து வரும் நிலத்தடி நீர், மேலே ஆழமில்லாத சிற்றோடையாக ஓடணும். ஓடை வற்றினால், கிரேஃபிஷ் தோண்டிய வளைக்குள் இறங்கிவிடும். அந்தக் கிரேஃபிஷே லார்வாவைப் பிடித்துத் தின்னவும் செய்யும். ஆனாலும் ஈரம் மிச்சமிருப்பது அங்கேதான்.

இப்போ யோசிங்க. பக்கத்தில் கல்குவாரி தோண்டி நீரை இறைத்தால்? போர்வெல்கள் பெருகினால்? மழைநீர் இறங்க வேண்டிய மண்ணைத் தார் மூடினால்? பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு கரைந்து சதுப்பில் சேர்ந்தால்? யாரும் சதுப்பைத் தொட்டிருக்க மாட்டாங்க. ஆனால் ஓடை செத்திருக்கும். ஒரே ஒரு வறண்ட வருஷம், 4 வருஷமா வளர்ந்த தலைமுறையையே காலி பண்ணிடலாம்.

நண்பனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பாலம் கட்டியது சுலபமான பாதி. வண்டியில் மோதிச் சாவது கண்ணுக்குத் தெரியுது, அதனால் உயரத்தைக் கூட்டினாங்க. நிலத்தடி நீர்மட்டம் இறங்குவது சைட்டில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அதற்கு எந்தத் தூணும் உதவாது. வரைபடம் போடும் முன்பே, இந்தத் தண்ணி எங்கிருந்து வருது என்று ஒருத்தர் கேட்டாகணும்.

இன்னும் சில வருஷத்தில் அந்த மீட்டிங்கில் நீங்களோ நானோ உட்கார்ந்திருப்போம். நீங்க கேட்பீங்களா?