கடற்பாசியும் குளியல் குண்டும்

நோன்பு மாதம் முடிந்த பிறகும் எங்கள் சமையலறை அலுமாரியில் ஒரு கட்டுக் கடற்பாசி எப்படியும் மிஞ்சிக் கிடக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி வெட்டி வைத்த துண்டுகளுக்கு இருக்கும் மவுசு பெருநாளோடு போய்விடும். இந்த வருடம் அந்த மிச்சத்துக்கு மகள் ஒரு வேலை வைத்தாள். தரம் பத்தில் படிக்கிறாள். பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. "ஜெலி குளியல் குண்டு செய்யப் போறன் வாப்பா" என்று கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். எங்கோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் குளியல் தொட்டியில் நீல நிற உருண்டை ஒன்று சீறிக் கரைகிறது. தண்ணீர் முழுக்க வழுவழுவென்று ஜெலியாகிறது.

எங்கள் வீட்டில் தொட்டி இல்லை. கிணறும் இரண்டு வாளியும்தான். அது அவளுக்கு ஒரு தடையாகப் படவில்லை.

குளியல் குண்டு பழைய பொருளல்ல. 1989 இல் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் மோ கொன்ஸ்ரன்ரைன் என்ற பெண்மணி தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் செய்து பார்த்தது. வயிற்றுப் புளிப்புக்குத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் நுரைக்கும் மாத்திரைதான் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது. உள்ளே இருக்கும் சரக்கு நம் வீட்டுச் சரக்கே. அப்பச் சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று. எலுமிச்சையின் புளிப்பான சித்திரிக் அமிலம். உலர்ந்த நிலையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் காபனீரொட்சைட்டு கிளம்பும். அவ்வளவுதான் அதன் வீரம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆரம்பித்தோம். சோடா இரண்டு பங்கு, அமிலத் தூள் ஒரு பங்கு, சோள மா ஒரு பங்கு, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். தண்ணீரைத் துளித் துளியாகத் தெளித்துப் பிசைய வேண்டும். கை கொஞ்சம் தாராளமானால் பாத்திரத்திலேயே நுரைத்துவிடும். ஈரமணலைப் போலக் கையில் பிடிபடும் பதம் வந்ததும் யோகட் கோப்பையில் அமுக்கி ஒரு நாள் காய வைத்தோம். கடற்கரை ஊரில் காற்றே ஈரம். மாரியில் இந்த வேலைக்கு இறங்காதிருப்பது நல்லது.

ஜெலிதான் யோசிக்க வைத்தது. கடையில் விற்கும் உருண்டைக்குள் அல்ஜினேற்றுத் தூளைச் சேர்ப்பார்கள். அதுவும் ஒரு கடற்பாசிச் சரக்குத்தான், ஆனால் கபில நிறப் பாசியிலிருந்து எடுப்பது. குளிர்ந்த தண்ணீரிலும் வழுவழுப்பாகும். நம்மூர்க் கடையில் நான் அதைக் கண்டதில்லை. வீட்டில் செய்பவர்கள் பலர் ஜெலட்டின் போடுகிறார்கள். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்ற கேள்வி நமக்கு வந்துவிடும். கேள்வி வராதென்றே வைத்துக்கொண்டாலும், நம் வெயிலில் அது உறையாது. உள்ளங்கைச் சூட்டிலேயே இளகிவிடும். கடற்பாசி அப்படியல்ல. 40 பாகை அளவுக்கு ஆறும்போதே இறுகத் தொடங்கும். ஒருமுறை இறுகினால் மீண்டும் உருக 85 பாகை வேண்டும். ஜேர்மனியில் கொக் என்பவரின் ஆய்வுகூடத்தில் கோடை வெப்பத்துக்கு ஜெலட்டின் உருகித் தொல்லை கொடுத்தபோது, அங்கே வேலை செய்தவரின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே தன் சமையலறைக் கடற்பாசியைச் சொல்லிக் கொடுத்தது 1881 அளவில். இன்றுவரை உலகமெங்கும் பற்றீரியா வளர்ப்பது அதில்தான். புத்தளம், திருகோணமலைக் களப்புகளில் வளரும் ஒருவகைப் பாசிக்கு ஆங்கிலேயர் 'சிலோன் மொஸ்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அடுப்படியில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஏறக்குறைய 5 கிராம் பாசி. ஊற வைத்து, முழுதும் கரையக் காய்ச்சி, இறக்கி, கொஞ்சம் திரவச் சவர்க்காரம் கலந்து கோப்பைகளில் ஊற்றினோம். உருண்டைக்குள் ஜெலியைப் புதைக்க முடியாது. ஜெலியின் ஈரமே உருண்டையை நுரைக்க வைத்துவிடும். ஆகவே இரண்டும் தனித்தனி. உருண்டை வாளிக்குள். ஜெலியைக் கையில் எடுத்து உடம்பில் தேய்க்க வேண்டியது. நாலைந்து நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதல் உருண்டையை வாளியில் போட்டதும் சின்னவன் துள்ளினான். 2020 இல் பிறந்தவன். யாரும் எதிர்பார்க்காத நேரம் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு ஓடினான்.

"எங்கட ஊட்ட குண்டு இரிக்கி! ராத்தா குண்டு செஞ்ச!"

அசருக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் நின்றார்கள். முன்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது. மனைவி மா அப்பிய கையோடு ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தித் தூக்கி வந்தாள். அவன் அழுதான். அடித்ததற்காக அல்ல, யாரும் அடிக்கவில்லை. சந்தோஷமான ஒரு செய்தியை ஏன் சொல்லக் கூடாது என்று விளங்காமல் அழுதான்.

அந்தப் பெரியவர்களும் சிரிக்கவில்லை. ஒருவர் மெல்லிய குரலில், "புள்ளைக்குச் சொல்லி வைங்க சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2019 ஏப்ரல் 21 இல் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஐந்து நாளில் சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்தது. இறந்தவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் கொலையைச் செய்தவர்கள் நம் பெயர்களைச் சுமந்தவர்கள். பின்பு வந்த மாதங்களில் கத்தி, வாள் இருந்தால் ஒப்படையுங்கள் என்றார்கள். ஹசலக்கவில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்ட சட்டையை அணிந்த ஒரு பெண், அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைதானாள். எங்கள் வீட்டையும் சோதித்தார்கள். மரியாதைக் குறைவாக ஒன்றும் நடக்கவில்லை. மகளின் புத்தகப் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், அவ்வளவே. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. சிந்திய பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல் அன்றைக்கு எங்கள் வீட்டை விட்டுப் போனது. சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் குண்டைக்கூட நான் 'போல்' என்றுதான் சொல்கிறேன்.

கண்காட்சிக்குப் பொறுப்பான ஆசிரியர் நல்லவர். "பேர மட்டும் மாத்தினா நல்லம் சேர், வலயத்தில இருந்தும் ஆக்கள் வருவாங்க" என்றார். குளியல் உருண்டை, நுரைக் கட்டி என்று சில பெயர்கள் சொன்னேன். செய்தவரே முதலில் வைத்த பெயர் 'அக்குவா சிஸ்லர்ஸ்' தான், அதில் குண்டு இல்லை என்றும் எடுத்துச் சொன்னேன். மகள் கேட்டுவிட்டு, "வரலாற்றுப் புத்தகத்துல அணுகுண்டு எண்டு இரிக்கே வாப்பா, அதயும் மாத்தினாங்களா?" என்றாள்.

பிறகு ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி வெப்பமானியை வைத்து, அரை உருண்டையைப் போட்டுக் காட்டினாள். நுரை பொங்கப் பொங்க இரசம் கீழே இறங்கியது. இந்தத் தாக்கம் வெப்பத்தை வெளியே விடுவதில்லை, உறிஞ்சிக்கொள்ளும். நான் பல வருடமாகக் கரும்பலகையில் எழுதும் விடயம்தான். "குளிர வைக்கிற குண்டு. இதத்தான் நான் விளங்கப்படுத்தப் போறன். பேர மாத்தினா என்னத்த விளங்கப்படுத்துற?"

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆசிரியர் பயப்படுவதிலும் இருக்கிறது. இதற்குள் சின்னவன் ஜெலித் துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறான். "இதுக்குப் பேர் என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறான்.

அட்டையில் அளவு, செய்முறை, சமன்பாடு எல்லாம் அவளுடைய கையெழுத்தில் ஏறிவிட்டன. மேலே தலைப்புக்கு விட்ட இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. தடித்த கறுப்புப் பேனை ஒன்று கேட்டாள். வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.