வாரேன்

ஆங்கில வகுப்பில் 'கோ' என்ற வினையின் இறந்தகாலம் 'வெண்ட்' என்றதும், ஏன் என்று எவரேனும் கேட்டுவிடுவார்கள். பொருள் நெருங்கிய வேறொரு பழைய வினையிடமிருந்து பெற்ற இரவல் அது என்பேன். ஸ்பானிய மொழியில் இன்னும் விசித்திரம். 'போனேன்', 'இருந்தேன்' இரண்டுக்கும் 'ஃபூய்' என்ற ஒரே சொல். போர்த்துக்கீசியத்திலும் அப்படியே. ஓயாமல் புழங்கும் வினைகளே பெரும்பாலும் விதியை மீறி நிற்கின்றன. நாள்தோறும் நாவில் இருப்பதால் அவற்றின் பழைய வடிவங்கள் மறப்பதில்லை.

அந்த 'ஃபூய்' மொழிக்காரர் ஒருவர் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் வினைகளோடு மல்லுக்கட்டினார். ஹென்றிக் ஹென்றிக்கஸ், எங்கள் பக்கத்தில் அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர். அதற்கு வெகுமுன்பே, போர்த்துக்கீசியர் தமிழ் கற்பதற்காக இலக்கணம் ஒன்றை எழுதினார். லத்தீன் கற்ற முறையில் தமிழ் வினைகளை அடுக்கிப் பார்த்ததாகவும், இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் கண்டடையப் பெரும்பாடு பட்டதாகவும் 1548இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார்.

அவர் பட்ட பாடு நமக்குப் பள்ளியிலேயே தெரியும். 'வந்தான்' என்பதைப் பிரிக்கையில் 'வா' குறுகி 'வ' ஆனது விகாரம், 'த்' 'ந்' ஆனது விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நாம்.

ஆனால் அட்டவணையில் அடங்காத ஒன்று இந்த வினையில் உண்டு. போகிறவன் 'வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்குச் சரக்கோடு கிளம்பும்போது வாசலில் ஒரு சொல்தான்: "வாரேன்." எங்கே, எப்போது என்று அம்மா கேட்கமாட்டாள். ஒவ்வொரு முறையும் வந்தார். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. முதுமையில், அறுவைச் சிகிச்சைக்காகச் சக்கரக்கட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். என் கையைத் தட்டிவிட்டு, "வாரேன்" என்றார்.

வடிவம் நிகழ்காலம், பொருள் எதிர்காலம். உறுதி பற்றி ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்வதை நம் இலக்கணம் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. அவருக்கு உறுதி இருந்ததா, எங்களுக்காகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் "போய்ட்டாரே" என்றார்கள். அம்மா ஒருமுறைகூட அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லவில்லை.

"வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றாள்.