சோடா என்று எழுதிய சீட்டு

ஓய்வு பெற்று பாகாயத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, ஸ்டோர் கீப்பர் வேலை மறுபடியும் என்னைத் தேடி வரும் என்று நான் நினைக்கவில்லை. போன மாதம் வந்தது. கொண்டு வந்தவள் என் மகள்.

அவள் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறாள். பாடத்திட்டம், குறிப்புகள், அசைன்மென்ட், பழைய வினாத்தாள் எல்லாம் அங்கே மூடுல் என்ற மென்பொருளில் இருக்கின்றன. மாணவர்கள் கேட்டால் அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஏஐ ஏஜென்ட்டை அமைத்திருக்கிறாள். முதல் வாரமே தகராறு. இந்த வார அசைன்மென்ட் எது என்று ஒரு மாணவி கேட்க, அது போன வருடத்து அசைன்மென்ட்டைக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண் இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் செய்து முடித்திருக்கிறாள்.

"சரியான மக்கு ஏஐப்பா இது" என்றாள் மகள்.

"நீ அதுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கே? காட்டும்மா" என்றேன்.

விஷயம் இதுதான். ஏஜென்ட் தானாகப் போய் அலமாரியைத் திறக்காது. அதற்குச் சில கருவிகளை நாம் செய்து கொடுக்க வேண்டும், 'டூல்' என்கிறார்கள். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அதற்குத் தர வேண்டிய விவரங்களின் பட்டியல் உண்டு. கருவியின் உள்ளே இருக்கும் நிரல் ஏஜென்ட்டின் கண்ணில் படாது. இந்த விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறது. மகள் இரண்டு கருவிகள் வைத்திருந்தாள். ஒன்று நடப்புப் பருவத்துக்கு, மற்றது பழைய வருடங்களுக்கு. இரண்டுக்கும் விளக்கம் ஒரே வரி: "பாடக் கோப்பை எடுக்கும்."

அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எண்பதுகளில் ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் ஸ்டோரில் இருந்தேன். குரோம் பதனிடுதல் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமிலத்தில் ஊறிய தோலில் குரோம் இறங்கியதும், சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் விட வேண்டும். அப்போதுதான் குரோம் தோலில் பிடிக்கும். ஸ்டோரில் வெள்ளைச் சரக்கு மூன்று இருந்தது: பைகார்பனேட், சோடா ஆஷ், காஸ்டிக் சோடா. மூன்று பின் கார்டிலும் நான் எழுதியிருந்தது 'சோடா'. எது எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

நான் லீவில் இருந்த ஒரு நாள், 'சோடா 10 கிலோ' என்ற சீட்டோடு புதுப் பையன் ஒருவன் வந்து காஸ்டிக்கை அள்ளிப் போயிருக்கிறான். குரோம் மேலாகவே படிந்து, பச்சைத் திட்டும் சொரசொரப்புமாக ஒரு டிரம் தோலும் வீணானது. அவன் இடது கையும் வெந்துவிட்டது. மறுநாள் அவனை நிறுத்திவிட்டார்கள். "கார்டுல சோடான்னுதானே சார் போட்டிருந்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். நான் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே மூன்று கார்டையும் மாற்றி எழுதினேன்: சரக்கின் முழுப் பெயர், எதற்கு, எதற்குக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது.

மகளோடு உட்கார்ந்து அதே மாதிரிதான் எழுதினோம். முதலில் இரண்டு கருவிக்கும் வேறு வேறு பெயர் வைத்தோம். பிறகு விளக்கம்: "நடப்புப் பருவத்தின் அசைன்மென்ட்டை மட்டும் தரும். பாடக் குறியீடும் வார எண்ணும் கொடுக்க வேண்டும். பழைய வருடங்களுக்கு இதைப் பயன்படுத்தாதே, அதற்கு வேறு கருவி உண்டு. கோப்பு இல்லையென்றால் இல்லை என்று சொல், அதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்காதே."

விடைத்தாள்கள் இருக்கும் கோப்பு பற்றியும் கேட்டேன். "தொடாதேன்னு எழுதிடலாம்ப்பா" என்றாள். எழுதினால் மட்டும் போதாது என்றேன். காஸ்டிக்கை நான் கடைசியில் பூட்டி வைத்தேன். அந்தக் கோப்பை எட்டும் வழியே கருவிக்கு இல்லாமல் செய்தாள்.

பிறகு மாணவர்கள் பேசுகிற பேச்சிலேயே பத்துக் கேள்வி கேட்டுப் பார்த்தோம். ஒன்பது சரியாக வந்தது. தப்பிய ஒன்றுக்கு விளக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தோம். அந்த மாணவிக்கு மகள் போன் செய்து, "தப்பு என்னுடையதும்மா" என்று சொல்லி, கூடுதலாக ஒரு வாரம் அவகாசம் கொடுத்தாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையனுக்கு இப்போது அறுபதை ஒட்டி வயதிருக்கும். இடது மணிக்கட்டில் தழும்பு இருக்கும். இதைப் படிக்கும் ஆம்பூர், வாணியம்பாடி அன்பர்கள் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். கார்டு எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.