பெயர் நீக்கம்

என் தம்பி கோவையில் மின்னணுக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் நிரலாளன். விடுமுறைக்கு அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், விடிவதற்கு முன்பே கூடத்தில் மடிக்கணினியோடு அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அலுவலக வேலை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அது சம்பளமில்லாத வேலை என்று தெரிந்த நாளில், மூத்தவன் என்ற உரிமையில் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். "குழந்தையோட உக்காந்து பேச நேரமில்ல. இதெல்லாம் யாருக்காகடா?" அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "உக்காருங்கண்ணா, காட்டறேன்" என்றான்.

தமிழ் முதுகலை படித்த எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். பிழையிருந்தால் அது என்னுடையது. நம் வீட்டு ரவுட்டர் போன்ற கருவிகளுக்குள் ஒரு சிறிய கணினி இருக்கிறது. தனக்கு வேண்டிய நிரலைத் தானே தொகுத்துக்கொள்ளும் வலு பெரும்பாலும் அதற்கு இல்லை. ஆகவே வேறொரு பெரிய கணினியில், இந்தச் சிறிய செயலிக்குப் புரியும்படி எல்லாவற்றையும் ஆக்கித் தரவேண்டும். முதலில் கம்பைலரும் சி நூலகமும். பிறகு லினக்ஸ் கருநிரல். பிறகு பல கைகள் பல காலங்களில் எழுதிய பொதிகள். எது எதற்கு முன் என்ற வரிசை தவறினால் ஒன்றும் எழாது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து, கருவியில் ஏற்றத்தக்க கோப்பாகத் தரும் திறமூலக் கருவிகளுள் ஒன்று பில்ட்ரூட். என் தம்பி அதில் சில பொதிகளுக்குப் பொறுப்பாளன்.

யூசிலிப்சி என்னும் சிறிய சி நூலகத்தை எழுதியவர்கள், அதைச் சோதித்துப் பார்ப்பதற்காக 2001-இல் தொடங்கியது பில்ட்ரூட். பயன் தெரிந்ததும் பலரும் எடுத்தாண்டார்கள். முறையான வெளியீடு மட்டும் இல்லை. 2009 ஜனவரியில் பீட்டர் கோர்ஸ்கார்ட் பராமரிப்பை ஏற்றார். அடுத்த மாதமே முதல் வெளியீடு வந்தது. அன்றிலிருந்து பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு. தொடங்கியதைக் காட்டிலும் இந்தத் தவறாமையே என்னை வியக்கவைத்தது. தமிழில் எத்தனை சிற்றிதழ்கள் முதல் இதழோடு நின்றன என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பராமரிப்பு என்றால் என்ன என்பதை அன்று காலை வந்திருந்த ஒரு மடலைக் கொண்டு விளக்கினான். சில கணினிகள் இரவும் பகலும், மனம்போன போக்கில் பொதிகளைச் சேர்த்துக் கட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எவரும் கனவிலும் கோராத சேர்க்கைகள்! எங்கு உடைகிறதோ, அந்தப் பொதிக்குப் பொறுப்பாளர் எவரோ, அவருக்கு மடல் போகும். பொதியில் ஒரு மாற்றமும் செய்யாவிட்டாலும் உடையும். 2024 மே மாதம் ஜிசிசி 14 கம்பைலர் வந்தது. அறிவிக்காத செயற்கூற்றை அழைக்கும் பழைய சி நிரல்களை அதுவரை எச்சரிக்கையோடு விட்டுவந்த கம்பைலர், அதைப் பிழை என்று தள்ளத் தொடங்கியது. பல்லாண்டு நன்றாக ஓடிய நிரல்கள் ஒரே நாளில் கட்டப்படாதவையாயின. "நிரல் அப்படியேதாண்ணா இருக்கு. சுத்தியிருக்கறதுதான் மாறுது."

உடைந்ததற்கு அவன் ஓர் ஒட்டு எழுதுவான். அதைத் தன் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்வது அழகன்று. மூல நிரலை எழுதியவருக்கும் அனுப்பவேண்டும். அனுப்பிய விவரத்தை ஒட்டின் தலைப்பிலேயே குறிக்கவேண்டும். ஒவ்வொரு பொதிக்கும் அருகில் 64 எழுத்தில் ஒரு சரிபார்ப்புக் குறியும் உண்டு. இறக்கிய கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் குறி ஒத்துவராது, வேலை நின்றுவிடும். பாட வேறுபாட்டையும் அது கிடைத்த ஏட்டையும் அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரை நினைத்துக்கொண்டேன். என் கடுஞ்சொல்லுக்கு முதன்முறையாக வெட்கப்பட்டேன்.

சென்ற பொங்கலுக்கு வந்தபோது, விலகப்போவதாகச் சொன்னான். இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது, கழுத்துவலியும் விடவில்லை. வேண்டாம் என்று முன்பு தடுத்த நானே, "இத்தனை வருஷம் செஞ்சுட்டு விடலாமா?" என்றேன். "விடறதுக்கும் முறை இருக்குண்ணா" என்றான். பொறுப்பாளர் பட்டியலில் இருந்து தன் பெயரை நீக்கும் ஒட்டைத் தானே எழுதி அனுப்பவேண்டும். பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாதிருந்தால், யாரோ பார்த்துக்கொள்கிறார் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அது பெயரே இல்லாததை விடக் கேடு.

யாரிடம் விடுவது என்பதும் எளிதன்று. எக்ஸ்-இஸட் என்ற சுருக்குக் கருவியைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்திருந்த ஒருவரிடம், உதவ வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை பெற்றார். பிறகு வெளியீட்டுக் கோப்புகளின் கட்டும் நிரலுக்குள் ஒரு கள்ளவழியைச் செருகினார். 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவது ஏன் என்று துருவியதால் அது வெளிப்பட்டது. அந்த 64 எழுத்துக் குறி இங்கே உதவாது. வழியில் நேரும் திருத்தத்தை அது காட்டிக்கொடுக்கும். மூலத்திலேயே நேர்ந்த இடைச்செருகலை அது உண்மை என்றே சான்றளிக்கும். ஆகவே தம்பி அவசரப்படவில்லை. மூன்று மாதம் ஒருவரோடு சேர்ந்து வேலை பார்த்தான். அவர் அனுப்பிய ஒவ்வொரு வரியையும் படித்தான். பிறகே தன் பெயரை நீக்கும் ஒட்டை அனுப்பினான்.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் வேறு. 2012-இல் ஓய்வுபெற்ற என் ஆசிரியர், தாம் தொடங்கிய சொல்லடைவு ஒன்றின் அட்டைகளை ஏழு காலணிப் பெட்டிகளில் என்னிடம் தந்தார். முடித்துவிடுகிறேன் ஐயா என்றேன். அவர் மறைந்து ஆறாண்டு ஆகிறது. பெட்டிகள் என் அலமாரியின் மேல் இருக்கின்றன. கருத்தரங்குகளில் எவரேனும் அந்தச் சொல்லடைவைப் பற்றிக் கேட்டால், "அது அவரிடம் இருக்கிறது" என்று என்னைக் காட்டுவார்கள். நானும் தலையசைப்பேன். வேறு எவரும் அதைத் தொடங்காததற்கு அந்தத் தலையசைப்பே காரணம் என்று எனக்கு உறைக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

சென்ற மாதம் பெட்டிகளை இறக்கினேன். அட்டை எழுதும் முறையை, குறுக்கங்களின் விரிவை, எந்தச் சொல்லை எங்குப் பிரிப்பது என்பதை, நினைவிலிருந்து பதினோரு பக்கம் எழுதினேன். எங்கள் துறையின் ஆய்வு மாணவி ஒருவரிடம் தந்து, என்னைக் கேளாமல் பத்து அட்டைகள் எழுதிப் பாருங்கள் என்றேன். எட்டு சரியாக வந்தன. இரண்டில் தடுமாறி, என்னிடமே வந்தார். சில அட்டைகளின் மூலையில் சிவப்பு மையில் ஒரு புள்ளி இருக்கிறதே, அது எதைக் குறிக்கிறது ஐயா?

ஆசிரியர் எனக்கு அதைச் சொல்லியிருந்தார். சொன்ன மாலையும் நினைவிருக்கிறது. தேநீர் ஆறிப்போனதும் நினைவிருக்கிறது. புள்ளியின் பொருள் மட்டும் நினைவில் இல்லை. புள்ளியிட்ட அட்டைகள் நானூறுக்கு மேல் இருக்கும். அவற்றைத் தனியே ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, பதினோராம் பக்கத்தின் அடியில் அந்தக் குறையையும் எழுதி, மற்ற பெட்டிகளை அவரோடு அனுப்பிவைத்தேன்.